மூன்றாம் நம்பர் டிஸ்க்கின் கல்யாணங்கள்

மூன்றாம் நம்பர் டிஸ்க் முதன்முதலாக வாசிக்க மறுத்த செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு, போடிநாயக்கனூர் கடைத்தெருவில் உளுந்து நிறுத்துக்கொண்டிருந்த மளிகைக்கடைத் திலகவதியின் கழுத்தில் பதினாறு வருஷமாகக் கிடந்த தாலிக்கயிறு, தன் மூன்று முடிச்சுகளையும் ஒவ்வொன்றாகத் தானே அவிழ்த்துக்கொண்டு, சேலை மடிப்பில் ஒரு நொடி தங்கி யோசித்து, பிறகு தராசுத் தட்டில் போய் உட்கார்ந்தது. தராசு எட்டு கிராம் கூடக் காட்டியது. திலகவதி தாலியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, உளுந்தைச் சரியாக நிறுத்துக் கொடுத்து, வந்தவரை அனுப்பிவிட்டுத்தான் கழுத்தைத் தடவிப் பார்த்தாள்.

மதியம் அவள் கணவர் சாமி படத்துக்கு முன்னால் நின்று மறுபடியும் கட்டினார், அவிழ்ந்தது. நகைக்கடைக்காரர் சங்கிலியில் கோத்துத் திருகாணி வைத்துக் கொடுத்தார். திருகாணி தானாகத் திரும்பிக் கழன்றது. இன்னொன்றும் தெரியவந்தது. அவர்களுடைய கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்பு எல்லோருக்கும் ஞாபகமிருந்தது, பந்தியில் பாயசம் தீர்ந்துபோனதற்காகச் சித்தப்பா இலையை மூடிவிட்டு எழுந்தது ஞாபகமிருந்தது, தாலி கட்டியது மட்டும் அவளுக்கும் ஞாபகமில்லை, அவருக்கும் ஞாபகமில்லை, வந்திருந்த முந்நூறு பேரில் ஒருவருக்கும் ஞாபகமில்லை.

அதே செவ்வாய்க்கிழமை அதே பத்தேகாலுக்கு, இரண்டு தெரு தள்ளி, பவளக்கொடி தன் வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, திலகவதி கேட்டிருந்தபடி அவளுடைய கல்யாண வீடியோவைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டிருந்தாள். அறுபத்திரண்டு சதவீதத்தில் பச்சைக் கோடு நின்றது. 'கோப்பை வாசிக்க முடியவில்லை' என்று திரை சொன்னது.

பவளக்கொடியின் கணவன் தனுஷ்கோடி கல்யாணங்களுக்கு வீடியோ எடுப்பவன். எடுத்து வந்ததை வெட்டி ஒட்டிக் கோத்து ஒழுங்குபடுத்துவது அவள். இருபது வருஷத்தில் ஊரில் நடந்த கல்யாணங்களில் பாதி அவர்கள் வீட்டு அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புச் சர்வர் பெட்டிக்குள், நாலு ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது. ஊர்க்காரர்களின் சிடிகளில் பூஞ்சை பிடித்துவிட்டது, பென் டிரைவ்கள் காணாமல் போய்விட்டன, ஆகவே எல்லோருக்கும் அந்தப் பெட்டிதான் கதி. 'உங்கள் கல்யாணம் என்றென்றும் எங்கள் பொறுப்பு' என்று வாசலில் போர்டு எழுதி வைத்ததே பவளக்கொடிதான். பொறுப்பென்றால் இன்னொரு பெட்டி வாங்கி இன்னொரு பிரதி வைக்க வேண்டும் என்று மூன்று வருஷமாக அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். தனுஷ்கோடி ஒரு நாள் அவளிடம் கேட்காமலே டிரோன் வாங்கிக்கொண்டு வந்து நின்றான்.

மறுநாள் பென் டிரைவுக்காக வந்த திலகவதி, வெறும் கழுத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"எந்த இடத்துல நிக்குது?" என்றாள்.

"முகூர்த்தத்துல. முடிச்சுப் போட அண்ணன் கையைத் தூக்குற இடத்துல," என்றாள் பவளக்கொடி.

திலகவதியின் கை வெறும் கழுத்துக்குப் போனது. பவளக்கொடி இன்னொரு முறை வாசிக்கச் சொல்லிப் பட்டனைத் தட்டினாள். பச்சைக் கோடு நடுங்கி, அறுபத்து மூன்று, அறுபத்து நாலு என்று நகர்ந்தது. திலகவதியின் பர்ஸ் திறந்து, தாலிக்கயிறு பாகற்கொடி மாதிரித் தோளில் ஏறி, பிடரியில் போய் மூன்று முடிச்சும் போட்டுக்கொண்டது. உடனே அவளுடைய செல்போன் அடித்தது. கணவர். காலையிலிருந்து அவளுக்குக் காபி போட்டுக் கொடுப்பதும், 'மளிகையை நான் பாத்துக்கறேன், நீ போயிட்டு வா தாயி' என்பதுமாக இருந்தவர், "என் நீலச் சட்டைய எங்க வச்ச?" என்று கத்தினார். திலகவதியின் வாய், அவளைக் கேட்காமலே, "இந்தா வந்து எடுத்துத் தர்றேங்க" என்றது. அதற்குள் கோடு மறுபடி நின்றது, முடிச்சு அவிழ்ந்தது, போனில் குரல் இறங்கியது: "இல்ல, இல்ல, நானே தேடிக்கறேன், நீ மெதுவா வா."

திலகவதி போனை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கோட்டையே பார்த்தாள். பிறகு, "சரி பண்றதுக்கு ஒண்ணும் அவசரமில்ல பவளம்," என்றாள்.

அடுத்த மூன்று வாரத்தில் மூன்றாம் நம்பர் டிஸ்க்கில் நாற்பத்தொரு கல்யாணம் வாசிக்க முடியாமல் போனது. கருகமணிகள் கழன்றன, குருசடித் தெருவில் மோதிரங்கள் விரலைவிட்டு உருண்டு சாக்கடை ஓரம் வரை போய் நின்றன, ஒரு நிக்காஹ் வீடியோவில் சம்மதம் சொன்ன இடம் போய்விட, சரி இன்னொரு முறை சொல்லிவிடுங்கள் என்று பெரியவர்கள் உட்கார வைத்தால், மாப்பிள்ளை வாயைத் திறந்தபோதெல்லாம் கொட்டாவிதான் வந்தது. ஊர் முதல் வாரம் பேசியது, இரண்டாம் வாரம் பழகிக்கொண்டது. 'உங்க வீட்ல எரரா?' என்று பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரரிடம் கேட்பது, 'சாப்டாச்சா?' என்று கேட்பதுபோல ஆயிற்று. கல்யாணம் வைத்தவர்கள் எரர் வீட்டுக்காரர்களுக்குப் பத்திரிகையில் கணவர் பெயரும் மனைவி பெயரும் தனித்தனியாக எழுதி இரண்டு பத்திரிகையாக வைத்தார்கள். எரர் ஆன கணவன்மார்களைத் தெருவில் பார்த்த உடனே அடையாளம் தெரிந்தது: கையில் மல்லிகைப்பூப் பொட்டலம், சட்டைக் கையில் சோப்பு நுரை, மனைவி எந்த நேரமும் 'நான் கிளம்பறேன்' என்று சொல்லிவிடக்கூடும் என்ற மரியாதை முகத்தில்.

இதைப் பார்த்துவிட்டு ஒன்றாம் நம்பர், இரண்டாம் நம்பர், நாலாம் நம்பர் டிஸ்க்கில் இருந்த பெண்கள் பவளக்கொடியின் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். "அக்கா, எங்களதையும் அந்த மூணாம் நம்பருக்கு மாத்தி விடேன். ஒரு பத்து நாளைக்குப் போதும்."

பவளக்கொடியின் கல்யாணமும் மூன்றாம் நம்பரில்தான் இருந்தது. இரண்டாம் வாரம் ஒரு மதியம் அவள் வெங்காயம் நறுக்கும்போது அவளுடைய தாலி நழுவிச் சொளகில் விழுந்தது. அவள் அதைக் கழுவி ஆணியில் மாட்டினாள். தனுஷ்கோடி ஆணியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகச் சாப்பிட்ட தட்டைத் தானே எடுத்துக் கழுவப் போனான்.

இத்தனைக்கும் நடுவில் அவள் வேலையை விடவில்லை, ஏனென்றால் அவளுக்குப் பழுது என்றால் பழுதுதான். முதலில் டிஸ்க்கை முழுசாகச் சோதனை போட்டாள். ஒன்றரை நாள் ஓடி, கெட்டுப்போன இடம் ஒன்றுகூட இல்லை என்று வந்தது. டேட்டா கேபிளை மாற்றினாள், எரர் போகவில்லை. பிறகு ஒன்றாம் நம்பரை மூன்றாவது இடத்திலும் மூன்றாம் நம்பரை முதல் இடத்திலும் மாற்றிச் சொருகினாள். அந்த நாற்பது நிமிஷமும் மூன்றாம் நம்பர் தம்பதிகளெல்லாம் ஒழுங்காக இருக்க, ஒன்றாம் நம்பரில் இருந்த வார்டு கவுன்சிலரின் மனைவி மேடையில் குத்துவிளக்கு ஏற்றிக்கொண்டிருக்கும்போதே தாலி கழன்று, மேடையிலேயே கணவரைப் பார்த்து, "இந்தக் கூட்டத்துக்கு நான் எதுக்கு வந்தேன்?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனாள். ஆக, கோளாறு டிஸ்க்கில் இல்லை, அந்த இடத்தில் இருக்கிறது. சோதனை அறிக்கையை மறுபடி வரி வரியாகப் படித்தபோது ஒரு எண் மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது தெரிந்தது: அந்த இடத்தில் இருக்கும் டிஸ்க்குக்கு ஒரு நாளைக்கு இருநூறு தடவை கரண்ட் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. பவளக்கொடி டிஸ்க்குகளைப் பழையபடி மாற்றிவிட்டு, டார்ச் அடித்துப் பார்த்தாள். ஒரு கரண்ட் வயரை இரண்டாகப் பிரித்துக் கொடுக்கும் சின்னக் கேபிளின் முனையில் ஒரு பின் கருகி லூசாக இருந்தது. அவ்வளவுதான். ஒரு விரல் நீளக் கேபிள்.

அவள் தேனிக்குப் போய்ப் புதுக் கேபிள் வாங்கி வந்தாள். மாட்ட இரண்டு நிமிஷம் ஆகும். பெட்டியைத் திறக்க உட்கார்ந்தபோது இந்திராணி வந்தாள்.

இந்திராணியை ஊரில் பலர் பார்த்ததே இல்லை. ஏலக்காய் வியாபாரி குபேந்திரனுக்கு வாழ்க்கைப்பட்டுப் பதினோரு வருஷம். அவர் சந்தைக்குப் போகும்போதெல்லாம் அவளுடைய செருப்பைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுப் போவார். கேட்டால் சிரித்துக்கொண்டே, "வெயில்ல எங்க போகப் போற?" என்பார். தாலி கழன்ற அன்று அவள் வெறுங்காலோடு நேராகச் செருப்புக்கடைக்குப் போய், சிவப்பு வார் வைத்த ஒரு ஜோடி வாங்கிப் போட்டுக்கொண்டு, மாவு மில்லுக்கு மேல் ஒரு அறை பிடித்து, ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலையில் சேர்ந்துவிட்டாள்.

"அக்கா, சரி பண்ணிட்டா அது என்னையத் தேடி வந்துருமா?"

"வந்துரும்."

"வந்தா எனக்குப் பழைய மாதிரி ஆயிருமா? செருப்பக் குடுன்னு நானே நீட்டுவேனா?"

பவளக்கொடிக்குத் திலகவதியின் வாய் தானாகப் பேசியது ஞாபகம் வந்தது. கேபிளை மேஜை டிராயரில் போட்டு மூடினாள். அன்றிலிருந்து, முகவரி சரிபார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டு, பட்டியலில் இருந்த ஒவ்வொரு வீட்டுக்கும் போனாள். அவளுடைய கேள்வி ஒன்றுதான்: திரும்பக் கட்டட்டுமா? வாசிக்க முடியாத கோப்பைக் காப்பி எடுக்க முடியாதே தவிர, அழிக்க முடியும். அழிக்க வாசிக்கத் தேவையில்லை. முகூர்த்தத் துண்டை அழித்துவிட்டால் பிறகு எந்தக் கேபிளாலும் அந்த முடிச்சைக் கொண்டுவர முடியாது. பெரும்பாலான பெண்கள், "இன்னும் ரெண்டு வாரம் கழிச்சுக் கட்டு" என்றார்கள். ஒரு கணவர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "வேணாம்மா, இப்பத்தான் அவ என்னையப் பாத்துச் சிரிக்கிறா" என்றார். திலகவதி மூன்று நாள் யோசித்து, "கட்டிரு, ஆனா அந்தாளு காபி போடப் பழகட்டும், இந்த மாசம் முழுக்கப் போகட்டும்" என்றாள். ஆறு பேர் உறுதியாக வேண்டாம் என்றார்கள். பவளக்கொடி ஆறையும் அழித்தாள். வாசல் போர்டைக் கடந்து போகும்போது மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

இந்திராணி மட்டும் முடிவு சொல்லவில்லை. அவளுடைய அப்பா இறந்துவிட்டார். கல்யாண வீடியோ முழுக்க அவர் முதுகைக் காட்டிக்கொண்டு வாழை இலை சுமந்தார், நாற்காலி போட்டார், யாருக்கோ வழி சொன்னார். கேமராவுக்கு முகம் காட்டியது முகூர்த்தத்தில் மட்டும்தான். அவருடைய முகம் அசைவது உலகத்தில் அந்த ஒரு இடத்தில்தான் இருந்தது. அதை வாசிக்கும்படி எங்கே காப்பி எடுத்து வைத்தாலும் கூடவே முடிச்சும் வந்துவிடும்.

தனுஷ்கோடி செல்லோடேப் தேடும்போது டிராயரில் கேபிளைப் பார்த்தான்.

"இது எப்ப வாங்குனது?"

"பத்து நாளாச்சு."

"பத்து நாளா! நான் தட்டுக் கழுவிக் கழுவிக் கையெல்லாம் வெந்து கெடக்கு, நீ கேபிள வச்சுக்கிட்டு உக்காந்திருக்க!"

அவள் இந்திராணியின் கதையைச் சொன்னாள். அவன் கேட்டுவிட்டுக் கேபிளை டிராயரில் பழைய இடத்திலேயே வைத்து மூடினான்.

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குக் குபேந்திரன் வந்தார். கூட மதுரையிலிருந்து ஜெபராஜ் என்ற சர்வர் மெக்கானிக்கும், ஒன்பது எரர் கணவன்மாரும். ஒன்பது பேர் கையிலும் சோப்பு வாடை.

"தங்கச்சி, உன்னால முடியலைன்னா சொல்லு. ஆளு கூட்டிட்டு வந்திருக்கேன். இன்னிக்கு இத முடிக்காம நான் போறதா இல்ல," என்றார் குபேந்திரன். சட்டைப் பையிலிருந்து, இந்திராணி விட்டுவிட்டுப் போன மஞ்சள் கயிறு வெளியே தெரிந்தது. அவர் அதைத் தடவிக்கொண்டே பேசினார்.

ஜெபராஜ் கைகாரர். அறிக்கையை ஒரு பார்வை பார்த்தார். "டிஸ்க் நல்லாத்தான் இருக்கு. பெட்டியத் தொறந்தா தெரிஞ்சிரும்," என்று ஸ்குரு டிரைவரை எடுத்தார்.

"ஓடுறப்ப தொறக்கக் கூடாதுங்க. ஒழுங்கா எல்லாத்தையும் நிறுத்தணும், இல்லன்னா நல்லா இருக்கற முடிச்சும் அவுந்துரும், பத்து நிமிஷம் ஆகும்," என்றாள் பவளக்கொடி.

"அக்கா சொல்றது கரெக்ட்," என்றார் ஜெபராஜ்.

தனுஷ்கோடி அவளைப் பார்த்தான். பிறகு, "அண்ணே, எல்லாரும் முன்னறைக்கு வாங்க, காபி கலந்திருக்கேன், இப்பல்லாம் நான்தான் கலக்கறேன்" என்று பதினொரு பேரையும் ஓட்டிக்கொண்டு போய், கதவை மறித்து நின்றுகொண்டு, தேனி மாவட்டத்தில் எந்த மண்டபத்தில் வெளிச்சம் நன்றாக இருக்கும் என்று மூச்சு விடாமல் பேச ஆரம்பித்தான்.

பவளக்கொடி இந்திராணிக்குப் போன் போட்டாள். "வந்துட்டாங்க. பத்து நிமிஷம்தான் இருக்கு. சொல்லு."

அந்தப் பக்கம் ஏலக்காய் சலிக்கும் சத்தம் கேட்டது, நின்றது.

"அக்கா, அந்த இடத்துல எங்கப்பா என்ன பண்ணுவாரு? எனக்கு ஞாபகமே வர மாட்டேங்குது. அம்மாவுக்கும் வரல."

வந்திருந்தவர்கள் ஒருவருக்கும் ஞாபகமில்லைதான். ஆனால் பவளக்கொடி அந்தக் கல்யாணத்துக்கு வந்திருக்கவில்லை. அவள் வீட்டில் உட்கார்ந்து, இந்தக் கம்ப்யூட்டரில், அந்தத் துண்டை நாற்பது தடவை முன்னும் பின்னும் ஓட்டி ஓட்டி வெட்டியவள். அவளுக்கு எல்லாம் இருந்தது.

"உங்கப்பா இடது பக்கம் நிப்பாரு," என்றாள். "பச்சைக் கரை வேட்டி. கை நிறைய அட்சதை. கெட்டிமேளம் சொல்றதுக்கு முன்னாடியே அவசரப்பட்டுப் போட்டுருவாரு. மந்திரம் சொல்லிக்கிட்டு இருந்த ஐயர் வாய்க்குள்ள போய் அவருக்கு இருமல் வந்துரும். எல்லாரும் சிரிப்பாங்க. உங்கப்பாவும் சிரிப்பாரு, சிரிச்சுக்கிட்டே துண்ட எடுத்துக் கண்ணத் தொடப்பாரு. அப்புறம் கையப் பாப்பாரு, கையில ஒண்ணுமே இருக்காது. பக்கத்துல நிக்கிற சின்னப்புள்ள கையிலருந்து ஒரு பிடி புடுங்கி மறுபடியும் போடுவாரு. உன் தலை மேல மட்டும்தான் போடுவாரு. மாப்பிள்ளைக்குப் போட மாட்டாரு."

போனில் ஏலக்காய்ச் சல்லடையைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"அவருக்குப் போடவே இல்லையா?"

"ஒரு அரிசி கூடப் போடல."

"இன்னொரு தடவ சொல்லுங்கக்கா."

முன்னறையில் காபி டம்ளர்கள் கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது. பவளக்கொடி இன்னொரு தடவை, ஒன்றையும் விடாமல், பச்சைக் கரையிலிருந்து சொன்னாள்.

"அழிச்சிருங்க," என்றாள் இந்திராணி. "இதே எனக்குப் போதும்."

பவளக்கொடி அழித்தாள். அவள் வெட்டியதிலேயே நன்றாக வெட்டிய துண்டு அது. கையை எடுக்கப் போனவள் எடுக்காமல், பட்டியலில் கொஞ்சம் கீழே போய், இன்னொன்றையும் அழித்தாள். பிறகு முறைப்படி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, "வாங்க சார்" என்று கூப்பிட்டாள்.

ஜெபராஜ் பெட்டியைத் திறந்து, மூன்று நிமிஷத்தில் கருகிய முனையைக் கண்டுபிடித்து, தன் பையிலிருந்தே ஒரு கேபிளை எடுத்து மாட்டினார். சர்வர் ஒரு முறை இருமி, சீராக ஓடத் தொடங்கியது. மூன்றாம் நம்பர் டிஸ்க் தன் கல்யாணங்களை வரிசையாக வாசித்தது. பதினொன்று நாற்பத்தைந்துக்குப் போடி முழுக்க முடிச்சுகள் விழுந்தன. பஸ் ஸ்டாண்டில் நின்றவளுக்கும், வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தவளுக்கும், தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தவளுக்கும் விழுந்தன. மோதிரங்கள் விரல் தேடி உருண்டன. முன்னறையில் நின்ற ஒன்பது கணவன்மாரும் ஒரே நேரத்தில் நெஞ்சை நிமிர்த்தி, காபி ஆறிப்போச்சு என்று குறை சொல்லிக்கொண்டே படியிறங்கினார்கள். மளிகைக்கடையின் பின்கட்டில் திலகவதியின் கணவர் மட்டும், பழகிய கை என்பதால், பால் பொங்குவதற்குள் அடுப்பை அணைத்தார்.

குபேந்திரனின் சட்டைப் பையில் மஞ்சள் கயிறு அசையாமல் கிடந்தது. அவர் அதைத் தட்டிப் பார்த்தார், வெளியே எடுத்து உதறிப் பார்த்தார்.

"என்னோடதுக்கு மட்டும் என்ன?"

பவளக்கொடி திரையைப் பார்த்தபடி, "சில இடம் திரும்பி வராதுங்கண்ணே," என்றாள்.

அவர் ஜெபராஜைப் பார்த்தார். ஜெபராஜ் திரையைப் பார்த்தார், அழித்த நேரத்தைப் பார்த்தார், பவளக்கொடியின் முகத்தைப் பார்த்தார். ஸ்குரு டிரைவரைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார். "ஆமா சார். போனது போனதுதான். கடவுளே வந்தாலும் முடியாது," என்றார்.

குபேந்திரன் மாவு மில் பக்கமாகப் போனதாகவும், மேலே ஏறும் படியில் பாதி வரை ஏறியதாகவும், மேலிருந்து இந்திராணி, "யாருங்க, என்ன வேணும்?" என்று முன்பின் தெரியாதவரிடம் கேட்பதுபோல் கேட்டதாகவும், அவர் ஏலக்காய் விலை விசாரித்துவிட்டுத் திரும்பியதாகவும் ஊரில் சொல்கிறார்கள்.

எல்லோரும் போன பிறகு தனுஷ்கோடி உள்ளே வந்தான். ஆணியைப் பார்த்தான். தாலி அங்கேயே தொங்கியது.

"பவளம், எல்லாருக்கும் விழுந்துருச்சே. நமக்கு?"

"நம்மளத நானே அழிச்சுட்டேன்."

அவன் அரிசி டிரம்மின் மேல் உட்கார்ந்தான். கோபமா, பயமா என்று அவனுக்கே பிடிபடவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"இந்த ஊர்ல எல்லா வீட்டுக்கும் போய் வேணுமா வேணாமான்னு கேட்ட. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"கேக்கலதான்."

"அப்ப நான் கேக்கறேன். என்னையக் கட்டிக்கறியா?"

பவளக்கொடி நாற்காலியை அவன் பக்கமாகத் திருப்பினாள். இருபத்தொரு வருஷத்தில் அவள் அவனை அப்படி உற்றுப் பார்த்ததில்லை. ஒரு துண்டை வெட்டுவதா வைப்பதா என்று பார்ப்பதுபோல முன்னும் பின்னும் பார்த்தாள்.

"போன தடவ இத எங்கப்பாகிட்டதான கேட்டீங்க," என்றாள். "அவரு உடனே சரின்னுட்டாரு. எனக்குக் கொஞ்சம் யோசிக்கணும்."

"எத்தன நாளு?"

"தெரியல. மறுபடியும் நாளைக்கு வந்து கேளுங்க," என்று சொல்லிவிட்டு, பவளக்கொடி திலகவதியின் கல்யாணத்தைப் பென் டிரைவில் ஏற்ற ஆரம்பித்தாள்.